மூன்று நாள் பத்தியம்

அன்பு மகனுக்கு, அம்மா எழுதிக்கொள்வது.

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க எனக்கு மனசு வரவில்லை. உன் நலம் எனக்குத் தெரியும். நீ நலமாக இல்லை. நீ பஸ் ஏறிப் போனதிலிருந்து நானும் வாயை மூடிக்கொண்டு இருக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை. சத்துணவு மையத்தில் பிள்ளைகளின் சாம்பாருக்கு உப்புப் போட்டதை மறந்து மறுபடியும் போட்டு, சமையல் ஆயாவிடம் பேச்சு வாங்கினேன். இன்லேண்ட் லெட்டரில் அடங்காது என்று தெரிந்து கவரும் வெள்ளைத் தாளும் வாங்கி வந்து உட்கார்ந்திருக்கிறேன். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். உனக்குச் சர்க்கரை வந்திருக்கிறது. அது எனக்குத் தெரியும், உன் அப்பாவுக்குத் தெரியும், எங்கள் இருவருக்கும் முன்னாலேயே உனக்குத் தெரியும். நீ போய் ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும், வைத்தியத்தைத் தொடங்க வேண்டும், நீ கட்டிக்கொள்ளப் போகிற கிரேஸிடம் உன் வாயால் சொல்ல வேண்டும். அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை நம் கோயிலிலும் அவர்களுடைய பாலவனத்தம் கோயிலிலும் உங்கள் கல்யாண அறிவிப்பு ஓலையைச் சபை முன்னால் வாசிக்கப் போகிறார்கள். அதற்கு முன்னால் இதெல்லாம் நடந்தாக வேண்டும்.

பஸ் ஸ்டாப்பில் வைத்து நான் கேட்டபோது நீ என்ன சொன்னாய்? "நம்ம ஜீன்ல இருக்கும்மா. வாரது வரும். கல்யாணம் முடியட்டும், பாப்போம்." இதைச் சொல்லிவிட்டு ஜன்னல் சீட்டைப் பிடிக்க ஓடிவிட்டாய். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பஸ்ஸையே மறித்திருப்பேன். வாரது வரும் என்று எங்கள் சமையல் ஆயா சொல்லட்டும், நான் கேட்டுக்கொள்கிறேன். சர்க்கரை ரத்தக் குழாயை என்ன செய்கிறது என்று ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கப் போகிறவன் சொல்லலாமா? ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள். நீ ஊருக்குக்கூட அல்ல, ஆராய்ச்சிக் குப்பிக்குள் கிடக்கிற செல்லுக்கு உபதேசம் பண்ணிக்கொண்டிருக்கிறாய்.

உன் அப்பாவின் கதையை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீ பார்த்து வளர்ந்தவன். ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் பார்த்தவன் மாதிரி நீ நடக்கவில்லை. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாக வீரசோழனுக்கு அப்பா பஸ் ஓட்டிய நாட்களில், நிற்கிற இடத்திலெல்லாம் டீக்கடைக்காரர்கள் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் காசு வாங்காமல் டீ கொடுப்பார்கள். பஸ் தங்கள் கடை வாசலில் நின்றால்தானே சனம் இறங்கிக் குடிக்கும். அதிலும் டிரைவருக்கு என்றால் பால் கூடுதல், சீனி தூக்கல். முதல் டிரிப்பிலிருந்து கடைசி டிரிப் வரைக்கும் இப்படியே போய்க்கொண்டிருக்கும். வேண்டாம் என்று சொல்லிப் பழகுங்கள் என்று தொண்டை வற்ற நான் கத்தியிருக்கிறேன். அதற்கு ஒரு நாள் அவர் ஒரு பதில் சொன்னார். அவருடைய அப்பா காட்டு வேலைக்குப் போன ஊரில் டீக்கடைக்கு வெளியே குத்தவைத்து, சிரட்டையில் ஊற்றியதைத்தான் குடித்தாராம். "அதே ரோட்டுல எனக்கு மொதக் கிளாஸ வெளக்கி, வண்டிக்கே கொண்டாந்து தாராங்க. நான் வேணாம்னு திருப்பி விடணுமாக்கும்?" என்றார். என் வீட்டு ஆட்களும் அந்தச் சிரட்டையில் குடித்தவர்கள்தான். கோபமும் வந்தது, அழுகையும் வந்தது, அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். ஆனால் ரத்தத்துக்கு மானமும் தெரியாது, மரியாதையும் தெரியாது. ஊற்றின சீனியெல்லாம் அதில்தான் போய்ச் சேர்ந்தது.

டெப்போவில் வருஷத்துக்கு ஒரு தடவை மெடிக்கல் இருக்கும். சர்க்கரை என்று எழுதிவிட்டால் ஸ்டியரிங்கை விட்டு இறக்கிவிடுவார்கள் என்று டிரைவர்களுக்குள் ஒரு பயம் இருந்தது. அதற்கு அவர்களே கண்டுபிடித்து வைத்திருந்த வைத்தியம்தான் மூன்று நாள் பத்தியம். காலையில் ஆவாரம்பூத் தண்ணீர், மத்தியானம் வரகுச் சோறும் பாகற்காயும், ராத்திரிக்கு அரை வயிற்றுக்குக் கம்பங்கூழ். டீக்கடை வந்தால் வயிறு சரியில்லை என்று ஒரு பொய். மூன்றாம் நாள் போய் நின்றால், மூத்திரத்தை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சிப் பார்ப்பார்கள். சர்க்கரை இருந்தால் அது பச்சையாகும், மஞ்சளாகும், முற்றிப்போனால் செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். அப்பாவுக்கு மட்டும் நீலம் நீலமாகவே நிற்கும். நம் வீட்டில் அதற்கு மெடிக்கல் சமையல் என்றே பெயர். சமைத்துப் போட்டவள் நான்தான், அதை நான் மறைக்கவில்லை. நீயும் பக்கத்தில் உட்கார்ந்து பாகற்காயை ஒவ்வொன்றாகத் தட்டுக்கு வெளியே எடுத்து வைப்பாய். மெடிக்கல் முடிந்த அன்று அப்பா எலெக்‌ஷனில் ஜெயித்தவர் மாதிரி அல்வாப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வருவார், நாம் எல்லோரும் உட்கார்ந்து தின்போம்.

பிறகு நடந்தது உனக்கே தெரியும். செருப்பைக் கழற்றிப்போட்டு ஓட்டுகிறவர், காலுக்குக் கீழே இஞ்சின் சூடு ஏறின தகரம். வலது பாதத்தில் கொப்புளம் வந்து உடைந்து புண்ணாகி இருக்கிறது, மனுஷனுக்கு வலிக்கவே இல்லை. முள் குத்தினாலும் தெரியாது எனக்கு என்று அதை ஒரு பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். சிமெண்டுத் தரையில் அவர் நடந்த இடமெல்லாம் ஈரமாக ஒரு கறை இருக்கிறதே என்று நான் பாதத்தைத் தூக்கிப் பார்த்தபோது காரியம் மிஞ்சிவிட்டது. மதுரைக்குக் கொண்டுபோனோம். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நீ அப்போது பள்ளிக்கூடமே முடிக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் பரீட்சைப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தையும் திருப்பாமல் உட்கார்ந்திருந்தாய்.

அதற்கப்புறம் உன் அப்பாவைப் போல ஒழுங்கான மனுஷனை நான் பார்த்ததில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று ஊரில் சிலர் சிரித்தார்கள், சிரிக்கட்டும். சீனி போட்ட டீயை அவர் நாக்கில் வைக்கவில்லை. ஊசியை வெந்நீரில் கொதிக்கவைத்து நான் தினம் போடுவேன், ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அந்த நீல மருந்தையும் ஒரு ஸ்பிரிட் விளக்கையும் வாங்கி வீட்டிலேயே காய்ச்சிப் பார்த்துக்கொண்டோம். இந்தத் தடவை ஏமாற்று வேலை ஒன்றும் கிடையாது, நீலம் உண்மையாகவே நீலமாக நின்றது. அப்படியிருந்தும் கண் மங்கிக்கொண்டே வந்தது. முதலில் கறுப்பாக ஏதோ பூச்சி பறக்கிறது என்றார், பிறகு முகம் பிடிபடவில்லை என்றார். ரோட்டில் போகிற பஸ்ஸை இஞ்சின் சத்தத்தை வைத்து எந்த டிரிப் என்று சொல்லுவார், எதிரே நிற்கிற என்னை யார் என்று கேட்பார். நீ காலேஜில் இருந்து வந்த ஒரு மத்தியானம் உன்னிடம் கேட்டார்: "ஏய்யா, தப்பு பண்ணுனப்ப காலு போச்சு, சரி. இப்ப ஒழுங்காத்தான இருக்கேன், இப்ப எதுக்குக் கண்ணு போவுது?" சாப்பிட்ட தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனாய். அந்தக் கேள்விதான் உன்னை அந்த ஆராய்ச்சிக்குக் கொண்டுபோனது என்று நீயே பிற்பாடு எங்களுக்கு எழுதினாய். அந்தக் கடிதத்தை நான் கோயிலில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன், கிறுக்கச்சி.

போன கோடையில் நீ வந்து அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்து பதில் சொன்னாய். இங்கிலீஷ் இல்லாமல் சொல்லு என்று நான் அதட்டியதில் திக்கித் திணறித்தான் சொன்னாய், ஆனால் எனக்கு ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருக்கிறது. ரத்தக் குழாயின் உட்புறம் முழுக்க ஒரே ஒரு அடுக்குச் செல் ஒட்டியிருக்கும் என்றாய். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் தாய் தகப்பனிடமிருந்து வந்த ஜீன் அத்தனையும் உண்டு, ஆனால் அத்தனையும் ஒரே நேரத்தில் வேலை செய்வதில்லை, சில வேலை செய்யும், சில சும்மா கிடக்கும் என்றாய். ரத்தத்தில் சர்க்கரை ஏறியே கிடந்தால், சும்மா கிடக்க வேண்டிய ஜீன்களில் சில வேலையில் இறங்கிவிடுகின்றன, அளவாக வேலை செய்ய வேண்டியவை அளவு மீறிச் செய்கின்றன. அதனால் செல்லுக்கு அடியில் வேண்டாத சரக்கெல்லாம் சேர்ந்து குழாய்ச் சுவர் தடித்துப்போகிறது. கண்ணிலும் சிறுநீரகத்திலும் இருக்கிற மெல்லிய குழாய்கள்தான் இதில் முதலில் அடிபடும். அதைவிட மோசம் ஒன்று இருக்கிறது என்றாய். நிறையச் சர்க்கரையில் வளர்த்த செல்லை எடுத்து, அப்புறம் சாதாரண அளவில் வைத்தாலும் அந்த ஜீன்கள் அடங்குவதில்லை. இன்னும் பழைய சர்க்கரையில்தான் கிடக்கிறோம் என்கிற மாதிரியே வேலை செய்துகொண்டிருக்கின்றன. ஏன் அப்படி என்று கேட்டேன். அதைத்தாம்மா எல்லாரும் தேடிக்கொண்டிருக்கிறோம் என்றாய்.

அதைக் கேட்டு அப்பா, "வெளங்குது. மிதிய விட்டாலும் ஆக்ஸிலேட்டர் ஒட்டிக்கிட்டு, வண்டி பாட்டுக்கு ஓடுது" என்றார். நீ ஆமாம் என்றாய். அவர் விடவில்லை. "கெட்டத ஞாபகம் வச்சிருக்கிற செல்லு, நல்லத வச்சிருக்காதா?" என்று கேட்டார். "வச்சிருக்கும்னுதான் தோணுதுப்பா. வந்த ஒடனே கண்டுபிடிச்சு, ஆரம்பத்துலயே இறக்கி வச்சவுகளுக்குப் பின்னாடி ரொம்ப காலம் நல்லாருக்கு" என்று நீதான் சொன்னாய். "அப்ப எனக்கு லேட்டு" என்று அவர் சிரித்தார். நான் குறுக்கே புகுந்து, ஜீன் என்றால் தலையெழுத்துத்தானே என்று கேட்டேன். உனக்கு முகம் சிவந்துவிட்டது. இல்லம்மா, பிறக்கும்போது வந்தது மாறாது, ஆனால் அதில் எது வேலை செய்யும், எது சும்மா கிடக்கும் என்பது நாம் அந்தச் செல்லை எதில் வைத்திருக்கிறோம் என்பதையும் பொறுத்தது என்று எனக்கு வகுப்பே எடுத்தாய். இத்தனையும் சொன்ன அதே வாய்தான் பஸ் ஸ்டாப்பில் நின்று நம்ம ஜீன்ல இருக்கு என்கிறது. கேழ்வரகில் நெய் வடிகிறது என்று நீ சொன்னால் கேட்டுக்கொள்ள நான் ஆள் இல்லை.

உன் ஆராய்ச்சிக் கூடத்துக்கு என்னை ஒரு தடவை கூட்டிப் போனாயே, அதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. பிரசவ ஆஸ்பத்திரியில் தாய்மார்களிடம் கேட்டு வாங்கி வந்த தொப்புள்கொடி, அதன் குழாயிலிருந்து எடுத்து வளர்த்த செல். நம் ஊரில் அதை மண்ணில் புதைத்துக் கல்லை வைப்பார்கள், நீ கண்ணாடிக் குப்பியில் வைத்து வளர்க்கிறாய். மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னாய். தளத்துக்குக் கல் பாவினது மாதிரி நெருக்கமாக ஒட்டிக்கொண்டு கிடந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒரு வரிசைக்குச் சர்க்கரை கூட, ஒரு வரிசைக்குச் சரியான அளவு என்று கையுறை போட்டுக்கொண்டு சொட்டுச் சொட்டாக அளந்து ஊற்றினாய். இதற்குத் தீனி மாற்ற வேண்டும் என்று போன கிறிஸ்துமஸுக்கு நீ வீட்டுக்கு வரவில்லை. அளந்து ஊற்றி முடித்துவிட்டு என்னைக் கீழே கூட்டிப்போய், பரோட்டாவும் அதன் மேல் ஒரு டீயும் வாங்கித் தந்து, நீயும் சாப்பிட்டாய். "சீனி கொஞ்சம் தூக்கலா" என்று கடைக்காரரிடம் சொன்னாய். அப்பாவின் குரல் மாதிரியே இருந்தது. உனக்கு யாரும் சிரட்டையில் ஊற்றவில்லையே ஐயா, நீ வேண்டாம் என்று சொன்னால் அங்கே யார் மனசு நோகப்போகிறது?

இப்போது நடந்ததற்கு வருகிறேன். அறுப்பின் பண்டிகைக்கு வந்தாய். கோயிலில் போடும் அசன விருந்தில் கறிச் சோற்றுக்கு முதல் பந்தியில் உட்காருகிறவன், பசியில்லை என்று வீட்டுக்கு வந்துவிட்டாய். "காலேஜ் வேலையில சேர மெடிக்கல் இருக்கும்மா. மூணு நாளைக்குக் கம்பங்கூழும் பாகற்காயும் போதும்" என்றாய். அகப்பை என் கையில் அப்படியே நின்றது. ஒருவேளை எனக்குத்தான் கிறுக்குப் பிடித்துவிட்டதோ என்று நினைத்துக் கிண்டிப் போட்டேன், நீ சின்ன வயதில் வெளியே எடுத்து வைத்த பாகற்காயைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாய். மெடிக்கலில் எல்லாம் சரி என்று எழுதியும் விட்டார்கள். அடுத்து பாலவனத்தத்தில் நிச்சயம். கிரேஸின் அம்மா மரியாதையாகத்தான் கேட்டார்: "சம்பந்தி அவுகளுக்கு இருக்கே, மாப்பிள்ளைக்கு ஒண்ணும் இல்லையே?" நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டு, "எனக்கு ஒண்ணுமில்ல அத்தை, மெடிக்கல் முடிச்சுத்தான் வந்திருக்கேன்" என்றாய். சொன்னதோடு நிற்காமல் பாயசத்தை இரண்டு தடவை வாங்கிக் குடித்துக் காட்டினாய். அவர்களுக்கு அதிலேயே மனசு நிறைந்துவிட்டது. கிரேஸ் கதவுப் பக்கம் நின்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை.

வீட்டுக்கு வந்து பொழுது சாயும் வரைக்கும் நீ பானையில் தண்ணீர் மோந்து குடித்துக்கொண்டே இருந்தாய். அப்பாவுக்குக் கண்தான் தெரியாது. சொம்பு பானையில் இடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தவர் என்னைக் கூப்பிட்டு, "ஏ புள்ள, இவனுக்கும் வந்துருச்சு" என்றார். எனக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை, ஆனாலும் விடிந்ததும் போய்ப் பார்த்தேன். கொல்லையில் கருவேல வேலி ஓரம் நீ ஒண்ணுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்த்துக் கிடந்தது. அப்பாவுக்கும் அப்படித்தான் முதலில் தெரிந்தது. நீ முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாய், எறும்பு அதைக் காட்டிக்கொடுக்கிறது. வேலைக்காக மெடிக்கல் பார்த்த டாக்டரை ஏமாற்றிவிட்டாய், சரி. குழாய்க்குள் ஒட்டிக்கொண்டு கிடக்கிற அந்த ஒரு அடுக்குச் செல்லுக்கு நீ மூன்று நாள் பாகற்காய் தின்றது போதுமா? மற்ற நாளையெல்லாம் அது மறந்துவிடுமா? மறக்காது என்று நீதானே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாய்.

உன் பயம் எனக்குத் தெரியாமல் இல்லை. உனக்கு இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிவிட்டால் அப்பாவின் கால், அப்பாவின் கண் எல்லாம் உனக்கு முன்னால் வந்து நிற்கும். அதைப் பார்க்கப் பயந்து தாளையே பார்க்காமல் இருக்கிறாய். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, அதற்கு என்ன செய்ய? ஆனால் அப்பாவுக்கும் உனக்கும் ஒரு வித்தியாசம் உண்டு, அதையாவது புரிந்துகொள். அவர் வைத்தியத்துக்குப் போனபோது காரியம் முற்றிவிட்டது. உனக்கு இது தொடக்கம். நீ சொன்ன அந்த ஆரம்பம் இதுதான், இந்த மாதம்தான். இப்போதே இறக்கி வைத்தால் அந்தச் செல்கள் நல்லதை ஞாபகம் வைத்துக்கொள்ளும். கல்யாணம் முடியட்டும், பட்டம் வரட்டும், வீடு பார்க்கட்டும் என்று நீ தள்ளுகிற ஒவ்வொரு நாளும் வேறு ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்ளும். இரண்டு மூன்று மாதச் சர்க்கரையை ஒரு தடவை எடுத்த ரத்தத்திலேயே காட்டிவிடுகிற டெஸ்ட் ஒன்று பட்டணத்தில் வந்திருக்கிறது, அதில் யாரும் ஏமாற்ற முடியாது என்று அப்பாவிடம் சொன்னாயே, அந்த டெஸ்டை எடு. மூன்று நாள் பத்தியத்துக்கு அசையாத டெஸ்டைத்தான் நான் நம்புவேன்.

கிரேஸிடம் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. வேண்டாம் என்றாலும் சொல்லலாம். அவள் பள்ளிக்கூடத்து டீச்சர், தன் காலில் நிற்கிற பெண், அவளுக்கு அந்த உரிமை உண்டு. ஒரு தாயாக எனக்கு அதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் நான் எதையெல்லாம் பார்த்தேன் என்று உனக்குத் தெரியும். ஊசி கொதிக்கவைத்தேன், புண் கழுவினேன், எதிரே நின்று நான் யார் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். தெரிந்து ஏற்றுக்கொள்கிறவள் செய்யட்டும். தெரியாமல் ஒரு பெண்ணை இதற்குள் கொண்டுவர நான் சம்மதிக்க மாட்டேன். சர்க்கரை கல்யாணத்துக்கு ஒரு தடையே இல்லை. நீ மறைத்தாயே, அதுதான் எனக்குத் தடையாகத் தெரிகிறது.

அதனால் கேட்டுக்கொள். அந்த ஞாயிற்றுக்கிழமை போதகர் உன் பேரையும் அவள் பேரையும் வாசித்துவிட்டு, இவர்கள் சேருவதற்குத் தடை அறிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லலாம் என்று கேட்பார். இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்விக்கு ஒருத்தர் எழுந்து நான் பார்த்ததில்லை. எல்லோரும் அடுத்த பாட்டுக்குப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருப்போம். உன்னிடமிருந்து தகவல் வராவிட்டால் நான் எழுந்திருப்பேன் என்று நேற்று அப்பாவிடம் சொன்னேன். அதற்கு அவர், "நீ ஏன் எந்திரிக்கணும்? அந்தப் பத்தியத்த அவனுக்குப் பழக்கிவிட்டவன் நான்தான. நான் எந்திரிக்கேன்" என்றார். சொன்னால் செய்வார், அவரை உனக்குத் தெரியும். அவர் தடவி ஊன்றுகோலை எடுத்து, பக்கத்து ஆளின் தோளைப் பிடித்து, ஒற்றைக் காலில் நிமிர்ந்து நிற்பதற்குள் நேரமாகும். அதுவரைக்கும் சபை முழுக்கத் திரும்பி அவரையே பார்த்துக்கொண்டிருக்கும். அப்படி அவரை எழுந்திருக்க வைத்துவிடாதே, ஐயா.

கோபத்தோடு, அம்மா.